ஐயாயிரத்து அறுநூறு

என் அண்ணன் தன் விமானத்தின் எஞ்சினை ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு முறையும் காக்பிட்டில் உட்கார்ந்து, நிமிடச் சுற்றைக் காட்டும் முள்ளைப் படித்தவள் நான்தான். எடை குறைவு, கண் கூர்மை என்று இரண்டு காரணம் சொன்னான். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள் எண்ணைத் தப்பாகப் படிக்கமாட்டாள் என்பது மூன்றாவது.

அண்ணனுக்கு வண்டிகளின் புகைக்குழாய் செய்யும் பட்டறை இருந்தது. பேச்சும் குறைவு என்பதால் எல்லோரும் அவனை சைலன்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். என் கணவர் மரத்தில் புரொப்பெல்லர் செதுக்குபவர். மேசை நாற்காலி செய்துகொண்டிருந்தவர், யாரோ ஒருவருக்காக ஒன்று செய்துகொடுக்கப்போய், அதிலேயே பேர் வாங்கிவிட்டார். அவருக்குப் பட்டப்பெயர் காத்தாடி. ஆனால் அதை அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அவர் நாக்கைக் கண்டு எல்லோருக்கும் பயம்.

வீட்டிலேயே விமானம் கட்டுவதைப் பைத்தியம் என்று சொல்பவர்களுக்கு அண்ணன் பதில் சொன்னதில்லை. மூன்று வருடத்தில் இறக்கையும் உடலும் முடிந்துவிட்டன. எஞ்சின் ஒரு பழைய காரிலிருந்து எடுத்தது, ரோட்டரி. அதில் பிஸ்டன் கிடையாது. தடித்த முக்கோண இரும்பு ஒன்று தன் கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். வேகமாகச் சுற்றினால்தான் அதற்கு பலம். அதனால் நடுவில் ஒரு கியர் பெட்டி. எஞ்சின் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றும்.

அந்த எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்களை அண்ணன் தன் கையாலேயே வளைத்துப் பற்றவைத்தான். காற்றுக்குழாயின் நீளத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. எஞ்சினின் துளை மூடும்போது குழாய்க்குள் காற்று மோதித் திரும்பிப் போகும். மறுபடி வந்து சேரும் நேரத்தில் துளை திறந்திருந்தால் தானாகவே உள்ளே தள்ளிவிடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல என்று எனக்கு விளக்கினான். அந்த நேரம் ஆறாயிரம் சுற்றில் வரும்படி நீளத்தைக் கணக்கிட்டிருந்தான். எஞ்சின் ஆறாயிரத்துக்குப் போனால்தான் குழாய் உதவும். போகவிடாமல் புரொப்பெல்லர் பிடித்து நிறுத்தினால் குழாய் இருந்தும் இல்லாததும் ஒன்று.

ஓடுபாதையாக இருந்தது பயிர் வைக்காமல் விட்ட ஒரு நிலம். அதன் கோடியில் உயரமான மரங்கள் வரிசையாக நின்றன. விமானத்தை நிறுத்திக் கட்டி முழு வேகத்தில் ஓட்டும்போது குறைந்தது ஐயாயிரத்து ஐந்நூறு காட்ட வேண்டும், அதற்குக் கீழே என்றால் மரங்களைத் தாண்டாது என்று அண்ணன் எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். என் நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதவும் சொன்னான்.

முதல் நாள், விமானம் நின்ற கொட்டகைக்குப் பின்னால், சிமெண்டில் பதித்த இரும்புத் தூணில் வாலைச் சங்கிலியால் கட்டினோம். அங்கே கொட்டகைச் சுவர் மறைப்பதால் காற்று வீசாது. அண்ணன் எஞ்சின் பக்கத்தில், கணவர் புரொப்பெல்லரின் ஓரத்தில், நான் உள்ளே. சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் எண்ணை விரல்களால் காட்டுவேன். ஐந்து விரல், பிறகு இரண்டு. ஐயாயிரத்து இருநூறு.

எஞ்சினை நிறுத்தியதும் காதில் இரைச்சல் அடங்க நேரமானது. அண்ணன் புரொப்பெல்லரின் பக்கம் பார்த்தான். கைத்துணியை மடித்துக்கொண்டே, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்.

“மாப்பிள்ளை, பிளேடு கொஞ்சம் கூடுதலா கடிக்குதோ? ஒரு இம்மி சாய்வைக் குறைச்சுப் பாத்தா…”

“கடிக்குதா? நீ நாய் வளக்குறியா, ஏரோபிளேன் வளக்குறியா?” என்றார் என் கணவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வேடிக்கை பார்க்க வரும் நண்பர்கள் சிரித்தார்கள். “மரத்துக்கு வாய் இல்ல மச்சான். அதான் அது மேல பழி போடுற. உன் குழாய் கழுத்தை நெரிக்குது. அதை வெட்டு முதல்ல.”

அண்ணன் அவரைவிட ஐந்து வயது மூத்தவன். ஆனால் தங்கச்சி புருஷன் என்றால் அவன் வாயில் ‘நீங்க’ தவிர வேறு வராது. அவர் ‘நீ, வா, போ’ என்பார், இவன் ‘சரிங்க மாப்பிள்ளை’ என்பான். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவரிடம் எதிர்த்துப் பேசினால் வீட்டுக்குப் போன பிறகு அதன் பலன் எனக்குத்தான் வரும் என்று அவன் நினைத்தான். அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை.

அடுத்த வாரம் இரண்டு விரற்கடை வெட்டினான். ஐயாயிரத்து நூறு. இன்னும் இரண்டு. ஐயாயிரத்து எண்பது. குழாயைக் குறைத்தால் அதன் உதவி இன்னும் மேலே, எஞ்சின் எட்டவே முடியாத சுற்றில் போய் நிற்கும் என்று அண்ணனுக்குத் தெரியும். தெரிந்தும் வெட்டினான். ஒவ்வொரு முறையும் என் கணவர் தலையை ஆட்டி, இன்னும் கொஞ்சம் என்பார். வெட்டிய துண்டுகளைப் பார்த்து, இதையெல்லாம் சேர்த்தால் ஒரு பம்பு செட்டுக்கு ஆகுமே மச்சான் என்பார்.

நான் நோட்டில் நாள், குழாய் நீளம், சுற்று, காற்று என்று நான்கு கட்டம் போட்டு எழுதிவந்தேன். காற்று என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ‘இல்லை’ என்று எழுதினேன். எதிர்க்காற்று அடித்தால் புரொப்பெல்லருக்குப் பாரம் குறைந்து முள் பொய்யாக ஏறும், அதனால் அதை மறக்காமல் குறி என்று அண்ணன் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தான்.

ஆறாவது வாரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கே புரிந்தது. குழாய் குறையக் குறையச் சுற்றும் குறைந்துகொண்டே வந்திருந்தது. எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். வெட்ட வெட்டக் குறையுது, அப்ப கோளாறு குழாயில இல்லையே என்றேன்.

என் கணவர் என்னைப் பார்க்காமல் நண்பர்களைப் பார்த்துச் சொன்னார். “கொம்பும் காலும் திருத்துறவ எஞ்சினைத் திருத்த வந்துட்டா. மச்சான், பேசாம இவளையே முன்னாடி கட்டிச் சுத்தவிடு. நாக்கு சுத்துற வேகத்துக்கு எட்டாயிரம் காட்டும்.”

பலத்த சிரிப்பு. அண்ணனும் சிரித்தான். என்னைக் காப்பாற்றத்தான் சிரித்தான் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அன்று அப்படி நினைக்கவில்லை. அதற்குப் பிறகு எண்ணை மட்டும் காட்டினேன், வாயைத் திறக்கவில்லை.

அண்ணிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. சாப்பிடும்போதுகூடக் காகிதத்தில் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறார் என்றாள். ஒரு நாள் அவன் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வராமல் இருந்தானாம். கதவைத் தட்டினால், ‘குழாய் சத்தத்தைக் கேட்டுட்டு இருந்தேன்’ என்றானாம். அண்ணி அதைச் சிரிப்பாகத்தான் என்னிடம் சொன்னாள்.

நான்காவது மாதம் ஒரு காலையில் தூணின் அடிச் சிமெண்ட் விரிந்திருந்தது. என் கணவர்தான் முதலில் பார்த்துச் சொன்னார். இதில் கட்டினால் பிடுங்கிக்கொண்டு போகும், வெளியில் நிற்கும் டிராக்டரில் கட்டலாம் என்றார். நியாயமான பேச்சு. விமானத்தைத் தள்ளிக்கொண்டுபோய்த் திறந்த வெளியில் கட்டினோம். எஞ்சின் சீக்கிரம் சூடாகிறது, மூக்கைக் காற்றுப் பக்கமாகத் திருப்பு, ரேடியேட்டருக்கு நல்லது என்றார். அதுவும் நியாயம்தான். அண்ணன் ஒரு கசிவைப் பார்க்க எஞ்சின் மூடிக்குள் தலையை விட்டிருந்தான், அப்படியே சரி என்றான்.

அன்று நல்ல காற்று. பக்கத்து வீட்டுக் கொடியில் போர்வைகள் படுக்கைவாட்டில் பறந்துகொண்டிருந்தன. காக்பிட்டில் உட்கார்ந்தபோது என் முடி முழுவதும் பின்னால் போனது.

எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் பிடியை முழுவதும் தள்ளினேன். முள் ஐயாயிரத்து இருநூறைத் தாண்டியது. நானூறைத் தாண்டியது. அறுநூறில் நின்று நடுங்கியது. ஐந்து விரல், பிறகு ஆறு.

அண்ணன் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டான். எஞ்சினை நிறுத்தியதும் என் கணவர் போய் அவன் முதுகில் தட்டி, நான் சொன்னேன்ல, குழாயில்தான் இருக்குன்னு என்றார். அண்ணன் அவரைக் கட்டிக்கொண்டான். நான்கு மாதத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நோட்டை எடுத்து நாள் எழுதினேன், நீளம் எழுதினேன், 5600 என்று எழுதினேன். காற்று என்ற கட்டத்துக்கு வந்தபோது என் கணவர் அண்ணனின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் பேனாவை மூடினேன்.

அண்ணனும் அந்தக் காற்றில்தான் நின்றுகொண்டிருந்தான். அவன் சட்டையும் படபடத்தது. நான்கு மாதம் கேவலப்பட்டவனுக்கு ஒரு எண் கிடைத்தால் சட்டை படபடப்பதெல்லாம் தெரியாது போலிருக்கிறது.

எட்டு நாள் கழித்துப் பறப்பதென்று முடிவானது. அன்று ஓர் இலை அசையவில்லை. வெயில் ஏறும் முன் முடித்துவிடலாம் என்று அண்ணன் சொன்னான். டயரில் காற்று இறங்கியிருந்ததால் பதினொரு மணியாகிவிட்டது. அண்ணி வரவில்லை. நண்பர்கள் நான்கைந்து பேர், என் கணவர், நான்.

முதல் ஓட்டத்தில் பாதி நிலத்தோடு நிறுத்திவிட்டு, திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தான். எஞ்சினை மெதுவாக்கிக் கதவைத் திறந்தான். முகமெல்லாம் வேர்வை.

“மாப்பிள்ளை, முள்ளு ஐயாயிரத்து நூறுலயே நிக்குது.”

“கட்டிப் போட்டப்ப அறுநூறு காட்டினது, அவுத்துவிட்டா குறையுமா?” என்றார் என் கணவர். “முள்ளு பயப்படுதா மச்சான், நீ பயப்படுறியா? பாதியில நிக்குறதுக்கு இது என்ன டவுன் பஸ்ஸா? பயமா இருந்தா இறங்கிடு. வாசல்ல நிறுத்தி வை, பிள்ளைங்க ஏறி விளையாடட்டும்.”

யாரோ சிரித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான்.

“நீ பாத்தது ஐயாயிரத்து அறுநூறுதானே?”

“ஆமா” என்றேன்.

“நல்லாப் பாத்தியா?”

“நல்லாப் பாத்தேன்.”

இரண்டுமே உண்மை. அவன் தலையை ஆட்டிவிட்டுக் கதவை மூடிக்கொண்டான். நான் சொன்னால் அவனுக்குப் போதும். அன்று காற்று அடித்தது அண்ணா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பிறகு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு மூச்சுகூட ஆகாது. அப்போது என் கணவர் எனக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றார். நண்பர்கள் நின்றார்கள். நாக்கு சுத்துற வேகம் என்ற சொல் என் காதில் இருந்தது.

இரண்டாவது முறை அவன் நிறுத்தவில்லை. வேகம் ஏற ஏற முள்ளும் ஏறும் என்று காத்திருந்திருப்பான். நிலத்தின் முக்கால் பங்கு போன பிறகுதான் சக்கரங்கள் தரையை விட்டன. நண்பர்கள் கைதட்டினார்கள். விமானம் ஏறாமல் அப்படியே தட்டையாகப் போனது. மரங்களுக்கு முன்னால் மூக்கைத் தூக்கினான். தூக்கியதும் வேகம் செத்துப்போனது. ஓர் இறக்கை சாய்ந்தது, கிளை முறியும் சத்தம் வந்தது, பிறகு தரையில் விழுந்த சத்தம். தீப்பிடிக்கவில்லை. எனக்கு அது ஒரு ஆறுதல் என்று பலரும் சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை ஆஸ்பத்திரி வாசலில், அண்ணியை உள்ளே அழைத்துப்போயிருந்தபோது, என் கணவர் என்னிடம் சொன்னார். “பாதியில நிறுத்திடுவான்னுதான் நினைச்சேன். எப்பவும் நிறுத்துறவன்தானே.”

விசாரணைக்கு வந்த அதிகாரி பொறுமையானவர். காற்றுக்குழாயை அளந்தார். புரொப்பெல்லர் சிம்பு சிம்பாகப் போயிருந்ததால் அதில் அளக்க ஒன்றும் இல்லை. இவ்வளவு குட்டையாக யார் வெட்டச் சொன்னது என்று கேட்டார். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன், மச்சான் கேட்கவில்லை என்றார் என் கணவர். குரல் கொஞ்சம் உடைந்தது. நடிப்பில்லை, உண்மையாகவே உடைந்தது. அதிகாரி நோட்டைப் புரட்டி, கடைசி வரியில் காற்று என்ற இடம் காலியாக இருக்கிறதே என்றார். காற்று இல்லையென்றால் சில நாள் எழுதமாட்டாள் என்றார் இவர். மேலே பதினோரு வரியில் ‘இல்லை’ என்று என் கையெழுத்தில் இருந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். வீட்டுக்கு நான் இவரோடுதான் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

கட்டியவரே குழாயைத் தவறாக வெட்டியதால் எஞ்சின் பலம் குறைந்து விபத்து நேர்ந்தது என்று அறிக்கை வந்தது. அண்ணி அதை நான்காக மடித்து அலமாரியில் வைத்தாள். ‘தன் கையாலயே வெட்டிக்கிட்டு செத்தார்’ என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அதைக் கேட்டுக் கேட்டு இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு நாள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தூண், டிராக்டர், போர்வை, காலியாக விட்ட கட்டம், அவன் கேட்டது, நான் சொன்னது.

அவள் மடிப்பதை நிறுத்தவே இல்லை. கடைசித் துணியையும் அடுக்கி முடித்துவிட்டுச் சொன்னாள்.

“இவ்வளவு நாள் அவர் மேல கோவமா இருந்தேன். தூங்க முடிஞ்சுது. இப்ப உன் மேல. நீ ஏன் சொன்ன, உன் மனசு ஆறவா?”

“அண்ணி…”

“உன் புருஷன்கிட்ட நான் சண்டைக்கு வரமாட்டேன். அவன் அப்படித்தான்னு ஊருக்கே தெரியும். நீ அவர் தங்கச்சி. எழுந்து போ. பிள்ளைங்க வர்ற நேரம்.”

அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை.

அண்ணன் உதிரிக்கென்று இன்னொரு ரோட்டரி எஞ்சின் வாங்கி வைத்திருந்தான். அண்ணி அதைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லி ஆளனுப்பினாள். என் கணவர் அதைத் தன் மரவேலைக் கொட்டகையில் இரும்புச் சட்டத்தில் பொருத்தி, தான் செதுக்கும் புரொப்பெல்லர்களைச் சோதிக்க வைத்துக்கொண்டார். அதே வகை எஞ்சின் வைத்திருக்கும் விமானக்காரர்கள் வேறு ஊர்களிலிருந்தும் அவருக்கு வேலை கொடுத்தார்கள். மச்சான் செத்தும் தொழிலை விடவில்லை, மனசு இரும்பு என்று பாராட்டினார்கள். இப்போது அவர் பிளேடின் சாய்வை முன்பைவிடக் குறைத்துத்தான் செதுக்கினார்.

முள்ளைப் படிக்க என்னைக் கூப்பிட்டார். அவர் புரொப்பெல்லரின் ஓரத்தில் நின்று பிளேடின் நுனி ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். முள் இருப்பது கம்பி வலைக்குப் பின்னால். வேறு யாரை நம்புவது என்றார்.

முதல் புரொப்பெல்லர் அருமையாக இருந்தது. த்ராட்டிலை முழுவதும் தள்ளினேன், முள் அவருக்கு வேண்டியிருந்த ஆறாயிரத்தில் போய் ஆணி அடித்ததுபோல் நின்றது. ஐந்து விரல் காட்டினேன், பிறகு எட்டு.

முன்பே நினைத்து வைத்துச் செய்ததில்லை. விரல்கள் அப்படி விரிந்தன.

அவர் முகம் சுருங்கியது. கழற்றிக்கொண்டு போய்ச் சாய்வு இன்னும் குறையும்படி இழைத்தார். மறுபடி மாட்டினோம். ஆறாயிரத்து இருநூறு. நான் மறுபடி ஐந்தும் எட்டும் காட்டினேன். மறுபடி இழைத்தார். மரத்தூள் அவர் கண் இமைகளிலெல்லாம் ஒட்டியிருந்தது. கடைசியில் நான் ஆறு விரல் காட்டியபோது, அந்த எஞ்சின் ஆறாயிரத்து ஐந்நூறில் அலறிக்கொண்டிருந்தது. அவர் வார்னிஷ் அடித்து அனுப்பினார்.

மூன்றாவது வாரம் திரும்பி வந்தது. “கத்துது, இழுக்கலை” என்று எழுதியிருந்தார்கள். சாய்வு போன பிளேடு காற்றைக் கடிக்காமல் சும்மா வேகமாகச் சுற்றும். அடுத்ததும் வந்தது. முள்ளில் கோளாறு என்று டாக்கோமீட்டரை இரண்டு முறை மாற்றினார். புதிய முள்ளையும் நான்தான் படித்தேன். ஒரு வருடத்தில் ஏழு புரொப்பெல்லர்கள் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றன, யாருக்கும் ஆகாத அழகான மரங்கள். காத்தாடிக்குக் கை போச்சு என்று நண்பர்கள் பேசினார்கள், இப்போது முகத்துக்கு நேரேயே. ஞாயிற்றுக்கிழமை ஒருவன், இதைச் சீலிங்கில் மாட்டினால் கொசுவாவது போகும் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய நாக்கும் கையோடு போயிருந்தது.

நேற்று எட்டாவதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையால் பிளேடை மேலும் கீழுமாகத் தடவினார்.

“நிஜமாவே அவ்வளவுதான் காட்டுச்சா?”

“பாத்ததைத்தான் காட்டினேன்.”

“எங்க தப்புன்னு தெரியலை” என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மச்சான் இருந்தா கண்டுபிடிச்சிருப்பான். பேச மாட்டான், ஆனா இதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும்.”

அவர் வாயிலிருந்து அது வருவதை அண்ணன் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார். இழைப்புளியைத் தீட்டினார். இன்று காலை மறுபடி மாட்டி ஓட்டினோம். முள் ஆறாயிரத்து நானூறைத் தொட்டது. வலைக்கு அப்பால் காதை மூடிக்கொண்டு அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஐந்து விரலைக் காட்டினேன், பிறகு ஏழு.